காப்புக்காட்டுக்கு மேற்கு, ரோட்டுக்கு வடக்கு

20 ஜனவரி 2025, திங்கள். கிளாம்பாக்கம், மேடவாக்கம்

பொதிகை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். சரி, பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று செங்கோட்டையில் ஏறினேன். ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட வேண்டிய வண்டி, செங்கல்பட்டுப் பக்கம் சுங்கச்சாவடி வரிசையில் மாட்டிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தது. பக்கத்து இருக்கையில் கடையநல்லூர்க்காரர் ஒருவர். தூக்குச்சட்டியைத் திறந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை நீட்டி, "சாப்பிடுங்க அண்ணாச்சி, நம்ம போய்ச் சேர எப்படியும் பத்தாயிரும்" என்றார். அவர் புண்ணியத்தில் மயக்கம் போடாமல் வந்தேன்.

மேடவாக்கம் போக ஆட்டோக்காரர் 800 கேட்டார். மாப்பிள்ளை செல்போனில் பார்த்துவிட்டு 480 என்றார். கடைசியில் 550. பணம் பேசும்போது முறைத்தவர், வண்டி நகர்ந்ததும் சொந்தக்காரர் போலப் பேச ஆரம்பித்துவிட்டார். தாம்பரத்தில் நீளமாக ஒரு மதில், அதற்கு மேலே அடர்த்தியாக மரத்தலைகள். "கிறிஸ்தவக் கல்லூரி சார். உள்ளே மானெல்லாம் இருக்கு" என்றார். அந்தக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து 1937-ல் இங்கே வந்தது. அப்போது இது சேலையூர்க் காடு. கல்லூரிக்காரர்கள் மரத்தை விட்டுவைத்ததால் மதிலுக்கு உள்ளே இன்னும் காட்டின் சாயல் இருக்கிறது. மதிலுக்கு வெளியே டயர் கடை, செல்போன் கடை, பிரியாணி.

நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். ஒரு மதிலைப் பார்த்தால் இது எந்தப் புல எண், எப்போது உட்பிரிவு ஆனது என்றுதான் முதலில் யோசனை ஓடும். வியாதி என்று என் மனைவி சொல்வாள்.

மகள் வீடு நான்காவது மாடி. பால்கனியைத் திறந்தால் நேர் எதிரே நன்மங்கலம் காப்புக்காடு. கண்ணுக்குக் குளிர்ச்சிதான். "காடு தெரியற வீடுப்பா, அதனால மாசம் ரெண்டாயிரம் வாடகை கூட" என்றாள். நஞ்சைக்கு விலை தெரியும், புஞ்சைக்குத் தெரியும், ஊர் நத்தத்துக்கும் தெரியும். பார்வைக்கு விலை வைத்து நான் எந்தப் பதிவேட்டிலும் கண்டதில்லை.

மத்தியானம் சொதி வைத்திருந்தாள். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. சாப்பிட்டுக் கை கழுவும்போது மாப்பிள்ளை மெதுவாக, "மாமா, ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு டாக்குமென்ட் பார்த்துச் சொல்லணும். மனை ஒண்ணு பேசியிருக்கோம்" என்றார். பார்ப்போம் என்றேன். தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

21 ஜனவரி, செவ்வாய். கிண்டி

பேரனுக்குப் பள்ளிக்கூடம். நான் மட்டும் கிண்டி தேசியப் பூங்காவைப் பார்க்கக் கிளம்பினேன். காட்டுக்குள்ளே அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், சிறுவர் பூங்காப் பக்கமிருந்து எட்டிப் பார்க்கலாம் என்று மகள் சொல்லியனுப்பினாள். எந்தக் கிழமையில் போகக் கூடாது என்பதைச் சொல்ல விட்டுவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை லீவு சார். பாம்புப் பண்ணைக்கும் லீவு" என்றார் வாசலில் இருந்த காவலாளி. திருப்பத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் ஒருவர் அதே வாசலில் நின்று, தன் மனைவி முகத்தைப் பார்க்கப் பயந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். சின்னப் பையன் அழத் தொடங்கினான். காவலாளி சட்டைப்பையைத் துழாவி ஒரு கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "நாளைக்கு வா ராஜா, மான் உனக்காக நிக்கும்."

வந்தது வந்தோம், மதிலோரமாகவே நடப்போம் என்று சர்தார் படேல் சாலையில் கிழக்கே நடந்தேன். தை மாத வெயில், உறைக்கவில்லை. ஆனால் பஸ் புகை தொண்டையை அறுத்தது. நடைபாதை சில இடத்தில் அகலமாக இருக்கிறது, சில இடத்தில் ஒரு செருப்பு வைக்கத்தான் இடம்.

இந்தக் காட்டின் கதையை ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் போலச் சொல்லலாம். கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821-ல் அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் காப்புக்காடு என்று அறிவித்தபோது 505 ஹெக்டேர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 1,250 ஏக்கர். 1958-ல் ஐஐடிக்காக ஒரு பகுதி மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குப் போனது. அதே வருஷம், நேரு சொன்னார் என்று மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் ஒரு பகுதி. பிறகு ராஜாஜிக்கு நினைவிடம், காமராஜருக்கு நினைவிடம். 1961-லிருந்து 1977 வரை மட்டும் கல்வி நிலையம், நினைவிடம் என்று சுமார் 172 ஹெக்டேர் பல துறைகளின் கைக்கு மாறியது. மிஞ்சியதை 1978-ல் தேசியப் பூங்கா என்றார்கள். அது 270 ஹெக்டேர். ஆளுநர் மாளிகைப் பக்கமும் ஐஐடிப் பக்கமும் மதில் எழுந்தது 80-களின் கடைசியில்.

பங்கு கேட்டவர்களில் ஊதாரிப் பிள்ளை ஒருவர்கூட இல்லை என்பதுதான் இதில் விசேஷம். படிப்புக்குக் கேட்டார்கள். குழந்தைகள் விளையாடக் கேட்டார்கள். காந்திக்கும் காமராஜருக்கும் கேட்டார்கள். என் மேஜைக்கு அந்த மனு வந்திருந்தால் நானும் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு மறுநாளே போயிருப்பேன்.

காந்தி மண்டபத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். 1956-ல் கட்டி முடித்தது. படிக்கட்டில் போட்டித்தேர்வுக்குப் படிக்கிற பையன்கள், புத்தகத்தால் முகத்தை மறைத்துத் தூங்கும் ஒருவர், மர நிழலில் ஒரு ஜோடி. குரங்கு ஒன்று குப்பைத்தொட்டியிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து, மனிதர் மாதிரியே ஓரத்தைக் கிழித்துச் சாப்பிட்டது. பின்னால் மரத்தின் மேல் மரமாக ஒரே பச்சை. அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் நினைவிடம் என்று குரங்குக்கு யார் சொல்வது?

அடுத்தது புற்றுநோய் மருத்துவமனை. அந்த வாசலில் கால் தானாக நின்றுவிட்டது. 2003-ல் என் அண்ணனோடு இந்த நடைபாதையில் நாற்பது நாள் இருந்திருக்கிறேன். காலையில் பால் வாங்க, மாத்திரை வாங்க, ஊருக்கு எஸ்டிடி போட. பக்கத்திலேயே பெரிய காடு இருக்கிறது என்பது அந்த நாற்பது நாளில் ஒருமுறைகூட என் புத்தியில் ஏறவில்லை. வாசலில் பூ விற்ற அம்மா என்னை நோயாளி வீட்டு ஆள் என்று நினைத்து, "சரியாயிடும் அண்ணா" என்றார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டேன். எண்பது ரூபாய்.

மத்திய கைலாஷ் தாண்டி அடையாறில் சாப்பாடு. 140 ரூபாய். வத்தக்குழம்பு பிரமாதம், ரசம் வெந்நீர். பரிமாறியவர் இரண்டாம் முறை சோறு கேட்டபோது முகம் சுளிக்கவில்லை, அதற்காகவே ஒரு கும்பிடு.

22 ஜனவரி, புதன். நன்மங்கலம்

விடியற்காலை பனி இருந்தது. சென்னையில் பனி என்றால் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் ஸ்வெட்டர் போட்டுத்தான் நடந்தேன்.

நன்மங்கலத்தில் காட்டுக்கு நடுவே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. காட்டைக் குடைந்து கல் எடுத்தார்கள், விட்டுப் போனார்கள், செங்குத்தான பாறைச் சுவர் மிஞ்சியது. அதில் கொம்பன் ஆந்தை குடியேறியது. பறவை பார்ப்பவர்கள் இந்தக் காட்டைத் தேடி வருவதே அந்த ஆந்தைக்காகத்தான். புதர்க்காடு மொத்தமே சுமார் 320 ஹெக்டேர். நான் வெளியேயிருந்து பார்த்தது களாச்செடி, வேம்பு, பனை, இடையில் நிறைய சீமைக்கருவேலம். சாலைப் பக்கம் மெட்ரோ ரயில் தூண் வேலை. இலையெல்லாம் சிமெண்ட் நிறம்.

டீக்கடையில் பெஞ்சு காலியில்லை. ஒரு கல்லைக் காட்டி, "அதுல குந்துங்க ஐயா" என்றார் கடைக்காரர். உட்காரப் போனவன் நின்றுவிட்டேன். செதுக்கிய கருங்கல், தலைப்பக்கம் ஒரு கோடு. எல்லைக்கல் மாதிரிதான் தெரிந்தது. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். "நான் கடை போட்டப்பவே கெடந்துச்சு." வனத்துறைக் கல்லா, வருவாய்த்துறைக் கல்லா, யாரோ தனியாரின் மனைக்கல்லா என்று குனிந்து பார்த்தேன். எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. இடம் பெயர்ந்த கல்லுக்கு எங்கள் துறையில் மதிப்புக் கிடையாது. உட்கார்ந்து டீ குடித்தேன். 15 ரூபாய், இஞ்சி தூக்கல்.

வீட்டுக்கு வந்தால் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பெரும் கூச்சல். ஸ்கூட்டரின் முன்பக்கத்துக்குள் பாம்பு புகுந்துவிட்டது. செக்யூரிட்டி கையில் கம்பு, இரண்டாவது மாடிக்காரர் கையில் பினாயில், எதற்கென்று அவருக்கே தெரியாது. வால் தெரிந்த அளவில் சாரை என்று சொன்னேன். நம்புவாரில்லை. மாப்பிள்ளை யாருக்கோ போன் போட்டு, பாம்பு பிடிக்கிற பையன் ஒருவர் பைக்கில் வந்தார். பத்து நிமிஷம், ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, அவ்வளவுதான். ஆறடி சாரை. "எலி இருக்கிற எடத்துக்கு வரத்தான் செய்யும். குப்பையைச் சரியா கட்டிப் போடுங்க" என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பணம் வேண்டாம், பெட்ரோலுக்கு மட்டும் என்றார். 300 கொடுத்தோம். மாடிக்காரர் குடியிருப்போர் குழுவில் அடுத்த நிமிஷமே எழுதிவிட்டாராம், காட்டுப் பக்கம் சுவரை இன்னும் நாலடி உயர்த்த வேண்டும் என்று. அவர் வீட்டுக்கும் காடு தெரிகிற வாடகைதான்.

இரவு எட்டு மணி இருக்கும். மின்சாரம் போனது. ஏசி, மோட்டார், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. அப்போது கேட்டது. ஆழமாக, பானைக்குள் ஊதுகிற மாதிரி, பூ… பூ. பேரன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். மூன்று தடவை. பிறகு ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள்.

23 ஜனவரி, வியாழன். மறுபடி கிண்டி

இன்று திறந்திருந்தது. நுழைவு 60 ரூபாய். அதே காவலாளி. "வந்துட்டீங்களா சார்" என்று சிரித்தார். திருப்பத்தூர்ப் பையன் நேற்று வந்தானா என்று கேட்டேன். வரவில்லையாம்.

உள்ளே புதிதாகச் சீரமைத்து அழகாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பஸ். சத்தத்துக்குப் பயந்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே விலங்கியல் ஆராய்ச்சி மாணவி ஒருவர், தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டு டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாய் வேணுமா அங்கிள் என்றார். அப்படித் தொடங்கியது பேச்சு.

நான் என் பாகப்பிரிவினைக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "பரப்பு குறைஞ்சதை மட்டும் பார்க்கறீங்க அங்கிள். துண்டானதைப் பாருங்க" என்றார். துண்டானாலும் மொத்தம் அதேதானே என்றேன். நில அளவைக்காரன் புத்தி. கூட்டினால் சரியாக வரவேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். காட்டின் ஓரம் வேறு, நடு வேறு. ஓரத்தில் வெயில் விழும், காற்று அடிக்கும், மண் காயும். வெளியேயிருந்து நாய் வரும், களை வரும், பிளாஸ்டிக் வரும், தீ வரும். இதெல்லாம் கொஞ்ச தூரம் உள்ளே போகும். எவ்வளவு தூரம் என்பது காட்டுக்குக் காடு மாறும். கணக்குக்கு நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நுழைவுச் சீட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். இரண்டு கிலோமீட்டர் சதுரம், 400 ஹெக்டேர். சுற்றளவு 8 கிலோமீட்டர். ஓரத்தில் நூறு மீட்டர் கழித்தால் நடுக்காடு 324 ஹெக்டேர். இதையே நான்கு சம சதுரமாக வெட்டி நகர்த்தி வைத்தால் சுற்றளவு 16 கிலோமீட்டர், நடுக்காடு 256. பதினாறாக வெட்டினால் சுற்றளவு 32, நடுக்காடு 144. மொத்தப் பரப்பில் ஒரு சென்ட் குறையவில்லை. காட்டில் பாதிக்கு மேல் ஓரமாகிவிட்டது. இரண்டு தடவை சரிபார்த்தேன். முப்பத்தொரு வருஷம் நான் எழுதிய புலப்படங்களில் கூட்டுத்தொகை தப்பியதில்லை. இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை.

பிரேசிலில் மனாஸ் நகரத்துக்குப் பக்கத்தில் 1979-ல் இதையே சோதனையாகத் தொடங்கினார்களாம். மேய்ச்சலுக்குக் காடு வெட்டும்போது நடுவே 1, 10, 100 ஹெக்டேர் என்று துண்டுகளை விட்டுவைத்து, வருஷக்கணக்காக எண்ணினார்கள். ஓரத்தில் நின்ற பெரிய மரங்கள் காற்றுக்கும் வறட்சிக்கும் சாய்ந்தன. 100 ஹெக்டேர் துண்டில்கூடப் பறவை இனங்கள் குறைந்துகொண்டே வந்தன. யாரும் கோடாலி வைக்காமலே.

"முதல்ல ஓட்டை விழும், அப்புறம் கீறல், அப்புறம் துண்டு, துண்டு தேயும், கடைசில காணாமப் போகும்" என்று விரல்விட்டு எண்ணினார். ஓட்டை என்றால் காட்டு நடுவே ஒரு கட்டடம், ஒரு குவாரி. கீறல் என்றால் ரோடு, மின்கம்பி, மதில். பெரிய மரம் நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். பழத்தைத் தின்று விதை போடுகிற பிராணி போய்விட்டால் மரம் நூறு வருஷம் நிற்கும், அடியில் அதன் கன்று இருக்காது.

கிண்டிக் காடு கடற்கரை ஓரத்து உலர் பசுமைமாறாக் காடு என்ற வகை. மழை குறைவு, ஆனாலும் இலை உதிர்க்காத முரட்டுச் செடிகள். அதற்கு நடுவே புல்வெளி. வெளிமானுக்கு அந்தப் புல்வெளி வேண்டும், எதிரி வந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஓட இடம் வேண்டும். புள்ளிமான் புதரிலும் பிழைத்துக்கொள்ளும். மதிலுக்கு அந்தப்புறம் ஐஐடியிலும் இரண்டு மானும் உண்டு. ஒரே கூட்டத்தின் பேரப்பிள்ளைகள், நடுவில் சுவர். கல்யாணம் காட்சிக்குக்கூடப் போய்வர முடியாத சொந்தம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதேதான் அங்கிள் பிரச்சினை. சின்னக் கூட்டம் தனக்குள்ளேயே பெருகினா நாளாக நாளாக வலு குறையும்."

வெளிமானை நான் அடைப்புக்குள்தான் பார்த்தேன். ஆண் ஒன்று, முறுக்கிய கொம்போடு, பிள்ளைகளின் கூச்சலுக்குக் காது மடக்காமல் நின்றது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் ஊர்தான் மனதில் ஓடியது. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே பெரியாற்றுப் பக்கத்துக் காடு, தெற்கே அகத்தியமலைக் காடு. நடுவே 1904-ல் ரயில் வந்தது. சாலை, எஸ்டேட், ஊர். வடக்கே இருக்கிற யானைக்கும் தெற்கே இருக்கிற யானைக்கும் போக்குவரத்து இல்லாமல் போயிற்று. அதை நான் போட்ட கோடு என்று சொல்லமுடியாது. ஆனால் 1996-ல் வடகரைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தோப்பை அளந்தேன். ஐந்து அண்ணன் தம்பிகள். ஐந்து உட்பிரிவு, கல் நட்டு, படம் எழுதி, மாலைக்குள் வேலை முடிந்தது. மூத்தவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதுவரை வேலியில்லாத தோப்பு. பிறகு ஐந்து பேரும் ஆளுக்கொரு வேலி. நடுவில் இருந்த ஓடைக்கரை வழியாக யானை இறங்கித் தண்ணீருக்குப் போகும் என்று தோப்புக் காவல்காரர் அன்றைக்கே சொன்னார். புலப்படத்தில் யானைத்தடத்துக்குக் குறியீடு கிடையாது. கிணற்றுக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு, ஒற்றைப் பனைமரத்துக்குக்கூட உண்டு. இப்போது அந்தப் பக்கம் ராத்திரியானால் வெடிச் சத்தம்தான். யானை தென்னையைச் சாய்க்கிறது என்று மனு மேல் மனு.

பஸ்ஸில் சில்லறை இல்லை என்று நடத்துநர் திட்டினார். நியாயம்தான்.

24 ஜனவரி, வெள்ளி. பள்ளிக்கரணை

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. கால் வலி. மாப்பிள்ளை அலுவலகம் போகும் வழியில் பைக்கில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தருகே இறக்கிவிட்டுப் போனார். 2022-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம், 1,247 ஹெக்டேர். காடு இல்லைதான், ஆனால் இங்கேயும் அதே கதை, நடுவே ரேடியல் சாலை கிழித்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு நின்றன. காற்று திரும்பியதும் பெருங்குடிக் குப்பைமேட்டு வாடை குப்பென்று அடித்தது. கேமராக்காரர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒருவர் தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார்.

இளநீர் 60 ரூபாய். செங்கோட்டையில் 35. அரற்றிக்கொண்டே குடித்தேன்.

25 ஜனவரி, சனி. வண்டலூர்

பேரனுக்காக உயிரியல் பூங்கா. சனிக்கிழமைக் கூட்டம், தலையாகத் தெரிந்தது. நான்கு பேருக்குச் சீட்டும் பேட்டரி வண்டியுமாக ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எழும்பூரில் 1855-ல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை இது. நகரத்தில் இடம் போதாமல் 1985-ல் வண்டலூர்க் காப்புக்காட்டுக்கு வந்தது. இன்றைக்கு 602 ஹெக்டேர், கிண்டித் தேசியப் பூங்காவைவிட இரண்டு மடங்குக்கு மேல். கூண்டில் இருக்கிற விலங்கைப் பார்க்க வந்த இடத்தில், கூண்டில்லாமல் மயில் ஒன்று பாதையைக் கடந்தது. பேரன் அதைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கில் மரங்களைச் சாய்த்தது. அந்த இடைவெளிகளில் இப்போது இளமரங்கள். வியாழக்கிழமை கேட்ட பாடத்தின் விளைவு, எல்லா மரத்தடியிலும் கன்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். "என்னப்பா தொலைச்சீங்க?" என்றாள் மகள்.

புலி தூங்கியது. சுண்டல் 40 ரூபாய், உப்பில்லை. யானை அருகே ஒருவர் தன் குழந்தையைத் தூக்கிக் காட்ட முடியாமல் திணற, முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் சொல்லாமலே விலகி வழிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை காரை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. "பத்து நிமிஷம் மாமா, பார்த்துட்டுப் போயிரலாம்." மனைப்பிரிவு. தார் போட்ட சாலை, நடுவில் பூச்செடி, தூணில் கொடி. விற்பவரின் ஆள் எங்களுக்குக் குளிர்பானம் உடைத்துக் கொடுத்தார். ஓரத்தில் கம்பிவேலி. அந்தப் பக்கம் காடு தொடங்குகிறது. வேலியோரம் சாணம் காய்ந்து கிடந்தது, உருண்டை உருண்டையாக. மான் போட்டது. "கார்னர் பிளாட் சார். இந்தப் பக்கம் வேற யாரும் எப்பவும் கட்டவே முடியாது. லைஃப் லாங் வியூ" என்றார் அவர். சதுர அடிக்கு இருநூறு ரூபாய் அதிகம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை பத்திரக் கோப்பை எடுத்து வந்தார். மூலப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஒரே புல எண்ணாக இருந்தது மூன்றாகி, ஒன்பதாகி, நாற்பத்திரண்டு மனையாகி இருக்கிறது. அளவு ஒவ்வொன்றையும் கூட்டினேன். சரியாக வந்தது. கிரயப் பத்திர நகலில் சொத்து விவரம்: இதற்கு நான்கெல்லையாவது, காப்புக்காட்டுக்கு மேற்கு, 23 அடி ரோட்டுக்கு வடக்கு, மனை எண் 17-க்குக் கிழக்கு, மனை எண் 9-க்குத் தெற்கு.

"என்ன மாமா, எதுவும் இடிக்குதா?"

எதுவும் இடிக்கவில்லை. காட்டில் ஒரு அடிகூட எடுக்கவில்லை. பட்டா நிலம், முறையான அனுமதி, வரி கட்டிய ரசீது வரைக்கும் இருக்கிறது. வியாழக்கிழமைச் சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மகள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக வாடகை கொடுக்கிறாள்.

"பத்திரம் சுத்தமா இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நாளைக்குக் காலையில போய் நாலு கல்லையும் மட்டும் சரிபார்த்துக் குடுத்துருங்க மாமா. உங்க பஸ் ராத்திரிதானே."

டேப் இருக்கிறதா என்று கேட்டேன். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். முப்பது மீட்டர், புதுசு. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை, 380 ரூபாய்.